மூன்று ரக எமல்ஷன், ஒரே வீடு: எதற்குக் காசு கொடுக்கிறோம்?

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் அடிக்க நடு ரக எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து சுவருக்கு அடிக்கும் பெயிண்ட், தாராளமாகப் போதும். உச்ச ரகம் சமையலறைக்கும், பிள்ளைகள் கை படும் சுவருக்கும் மட்டும். அடிமட்ட ரகம் சீலிங்குக்கு. அப்படி மிச்சம் பிடிக்கும் பணத்தைச் சுவரைச் சுரண்டிச் சுத்தம் செய்யவும், பெயிண்டுக்கு முன்னால் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமருக்கும் கொடுங்கள். ஏன் என்று கேட்பவர்கள் மேலே படிக்கலாம். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நான் சென்னைக்கு வெளியே ஒரு பெயிண்ட் தொழிற்சாலையின் தரப் பரிசோதனை லேபில் பல வருடம் வேலை பார்த்தவள். இப்போது குமரி மாவட்டத்தில், மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில், அம்மாவின் பழைய வீட்டைச் சரிசெய்து குடிவந்திருக்கிறேன். கடல் நடந்து போகும் தூரம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே நனைக்கும் ஊர், அதோடு உப்புக் காற்று. ஒரு பெயிண்டின் யோக்கியதை தெரிய வேண்டுமென்றால் இங்கே அடித்துப் பார்க்கலாம். ஒரே கம்பெனியின் மூன்று ரகத்தையும் வாங்கி வெவ்வேறு அறைகளுக்கு அடிக்கச் சொன்னேன். மழைக்காலங்கள் தாண்டி, சுவர்கள் புழங்கிப் பழகிய பிறகுதான் இதை எழுதுகிறேன். புதிதாக அடித்த மறுநாள் எல்லாப் பெயிண்டும் அழகுதான்.

கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்லியும் பிரயோஜனமில்லை, எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே ஏணிதான். ஏஷியன் பெயிண்ட்ஸில் டிராக்டர் எமல்ஷன், அப்கோலைட், ராயல் என்று ஏறும். பெர்ஜரில் பைசன் கீழே, சில்க் மேலே. நெரோலாக், டூலக்ஸ், நிப்பான், இண்டிகோ, 2024இல் களத்தில் இறங்கிய பிர்லா ஓபஸ், யாரை எடுத்தாலும் கீழ்ப்படிக்கும் மேல்படிக்கும் லிட்டர் விலையில் சில மடங்கு வித்தியாசம் வரும். பேப்பர் விளம்பரத்தில் அந்த வித்தியாசத்துக்குக் காரணமாக நடிகர்கள் சோபாவில் உட்கார்ந்து சிரிப்பார்கள். உண்மைக் காரணம் வாளிக்குள் இருக்கிறது.

எந்த எமல்ஷனைத் திறந்தாலும் உள்ளே இருப்பவை இவைதான். வெண்மைக்கும் பழைய நிறத்தை மறைப்பதற்கும் டைட்டானியம் டை ஆக்சைடு. அளவைக் கூட்டச் சுண்ணாம்புக்கல் பொடி, டால்க், சைனா களிமண். இவை எல்லாவற்றையும் ஒன்றோடொன்றும் சுவரோடும் சேர்த்துப் பிடிக்க பைண்டர் என்கிற பிசின், பெரும்பாலும் அக்ரிலிக் வகை. பிறகு தண்ணீர். அதோடு நுரை வராமலிருக்க, கெட்டியாக இருக்க, வாளியிலேயே கெட்டுப் போகாமலிருக்க என்று துளித்துளியாகச் சில மருந்துகள். இதில் விலை அதிகம் டைட்டானியத்துக்கும் பிசினுக்கும். மலிவு சுண்ணாம்புக்கல் பொடியும் தண்ணீரும். ஏணியில் மேலே போகப் போக முதல் இரண்டும் கூடும், கீழே வர வரப் பின் இரண்டும் கூடும். ரகசியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை.

டைட்டானியத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் எங்கள் ஊர்க்காரியால் மேலே போக முடியாது. எங்கள் கடற்கரையில் அலை இறங்கியதும் மணலில் கறுப்புக் கோடு கோடாகப் படிந்து நிற்பதைப் பார்க்கலாம். அந்தக் கருமணலில் இருப்பதில் பெரும்பங்கு இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த தாது. மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். ஆலை இந்த மணலிலிருந்து இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. எல்லை தாண்டினால் கொல்லம் பக்கம் சவறாவில் கேரள அரசின் கே.எம்.எம்.எல். நிறுவனம் டைட்டானியம் டை ஆக்சைடு தயாரிக்கிறது, அது ரூட்டைல் ரகம். திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் டைட்டானியம் ஆலையில் அனட்டேஸ் ரகம். கரியாக இருக்கும் மணலிலிருந்து உலகத்திலேயே வெள்ளையான பொடிகளில் ஒன்று வருகிறது என்பதை லேபில் சேர்ந்த புதிதில் கேட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. நாங்கள் சின்ன வயதில் காந்தத்தை வைத்து அந்த மணலை இழுத்து விளையாடியிருக்கிறோம்.

ரூட்டைல், அனட்டேஸ் இரண்டும் ஒரே வேதிப்பொருள்தான், படிக அமைப்பு மட்டும் வேறு. ரூட்டைல் ஒளியை அதிகம் வளைக்கும், அதனால் மறைப்பும் அதிகம். வெயிலையும் தாங்கும். அனட்டேஸ் கலந்த பெயிண்டை வெளிச்சுவருக்கு அடித்தால், வெயிலில் மேலே இருக்கும் பிசின் சிதைந்து சீக்கிரமே கையில் மாவாக ஒட்டும். ஆகவே வெளிச்சுவர் பெயிண்டில் ரூட்டைல் இருந்தே ஆக வேண்டும்.

சரி, மலிவு ரகத்தில் டைட்டானியம் குறைவு என்றால் அது எப்படிச் சுவரை மறைக்கிறது? மறைக்கத்தான் செய்கிறது, அதில்தான் தந்திரம். ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதற்கான அளவுதான் ஒளிவிலகல் எண். ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் எவ்வளவு வித்தியாசப்படுகிறதோ அவ்வளவு சிதறும். ரூட்டைலுக்கு ஏறக்குறைய 2.7. பிசினுக்கு 1.5. நல்ல இடைவெளி, அதனால் வெள்ளையாகத் தெரியும். சுண்ணாம்புக்கல் பொடிக்கு 1.6 சொச்சம்தான், பிசினுக்குள் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் பொடியை அள்ளிப் போட்டு, பிசினைக் குறைத்துவிட்டால், காய்ந்ததும் பொடிக்கு நடுவே ஓட்டை ஓட்டையாகக் காற்று நிற்கும். காற்றுக்கு 1. இப்போது சுண்ணாம்புப் பொடியே வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்துவிடும். பெயிண்டர்கள் “இப்பம் ஏறாதுக்கா, காய்ஞ்சா ஏறிரும்” என்பார்களே, அது நூற்றுக்கு நூறு சரி. ஈரமாக இருக்கும்போது பழைய நிறம் பல்லைக் காட்டும், காய்ந்ததும் மறைந்துவிடும். டைட்டானியம் நிறைய உள்ள பெயிண்ட் ஈரத்திலேயே நன்றாக மறைக்கும்.

இதை வைத்தே வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். காய்ந்து ஒரு வாரமான சுவரில் ஈரத்துணியை வைத்து ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். என் பின்கட்டு அறையில் அடிமட்ட ரகம். துணியை எடுத்ததும் அந்த இடம் நான்கு விரல் அகலத்துக்குக் கறுத்தது, அடியில் பழைய பச்சை நிறம் மங்கலாகத் தெரிந்தது. காற்று நின்ற ஓட்டைகளில் தண்ணீர் புகுந்துவிட்டது, தண்ணீருக்கு 1.33, அதனால் மறைப்பு போய்விட்டது. காய்ந்ததும் மறுபடி வெள்ளை. படுக்கையறையில் நடு ரகம், லேசான நிழல்போல ஒரு தடம் தெரிந்து சீக்கிரமே போய்விட்டது. ஹாலில் உச்ச ரகம், ஒன்றுமே தெரியவில்லை, தண்ணீர் முத்து முத்தாக நின்றது. லேபில் பல லட்ச ரூபாய்க் கருவியில் பார்த்ததை இந்தத் துணி அப்படியே சொல்லிவிடுகிறது.

காய்ந்த படலத்தில் பொடி எத்தனை பங்கு என்பதற்கு லேபில் பி.வி.சி. என்று ஒரு கணக்கு உண்டு. தண்ணீர்க்குழாய் பி.வி.சி. இல்லை, வேறு. அந்தக் கணக்கு ஓர் எல்லையைத் தாண்டினால் பிசின் போதாமல் போய் ஓட்டை விழ ஆரம்பிக்கும். அரிசியைக் கூட்டி உளுந்தைக் குறைத்த தோசைமாவு மாதிரி. கல்லில் வார்க்கும்போது தெரியாது, திருப்பும்போது உடையும். டிஸ்டெம்பர் என்கிற மலிவுச் சுவர்ப்பூச்சும் அடிமட்ட எமல்ஷனும் இந்த எல்லைக்கு அந்தப் பக்கம். நடு ரகம் எல்லையை ஒட்டி. உச்ச ரகம் நன்றாக இந்தப் பக்கம்.

இப்போது அறை அறையாக வருகிறேன்.

பின்கட்டு அறையில் அரிசிச் சாக்கு, சைக்கிள், தேங்காய்க் குவியல். சாக்கை இழுக்கும்போது சுவரில் உரசி உரசி, இடுப்பளவு உயரத்தில் பெயிண்ட் மெலிந்து தெரிகிறது. சாய்ந்தால் முதுகில் வெள்ளை. தேங்காய் நெற்றின் பழுப்புக் கறை ஒன்றைச் சோப்புத்தண்ணீர் தொட்டுத் துடைத்தேன், கறையோடு பெயிண்டும் துணியில் வந்துவிட்டது. டப்பாவில் கழுவலாம் என்றுதான் போட்டிருக்கிறது. கழுவலாம், பெயிண்ட் இருக்கும்வரை. லேபில் இதற்கு ஒரு இயந்திரம் உண்டு. எடை வைத்த பிரஷ் ஒன்று, சோப்பும் மணல்போன்ற பொடியும் கலந்த குழம்பில் நனைந்து, பெயிண்ட் பூசிய பட்டையின் மேல் முன்னும் பின்னும் ஓடும். அடிப்பட்டை தெரியும்வரை எத்தனை ஓட்டம் என்று எண்ண வேண்டும். மலிவு ரகத்தை மாட்டிவிட்டு டீ குடிக்கப் போக முடியாது, அதற்குள் முடிந்துவிடும். உச்ச ரகம் ஆயிரக்கணக்கில் ஓடும், சாப்பிட்டுவிட்டே வரலாம்.

ஆனால் அதே அடிமட்ட ரகத்தைத்தான் வீடு முழுக்க சீலிங்குக்கு அடிக்கச் சொன்னேன், அங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. சீலிங்கை யாரும் தொடப்போவதில்லை, துடைக்கப்போவதில்லை. பளபளப்பு துளியும் இல்லாததால் காங்கிரீட் தட்டின் மேடுபள்ளம் எதுவும் கண்ணில் படவில்லை. சீலிங்குக்கு உச்ச ரகம் அடிக்கச் சொல்லும் கடைக்காரரிடம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

படுக்கையறைகளில் நடு ரகம். கட்டில் தலைமாட்டில் தலையெண்ணெய்க் கறை, கொசு அடித்த ரத்தப் பொட்டு, சுவிட்சைச் சுற்றி விரல் அழுக்கு. மூன்றும் மெல்லிய துணியும் கொஞ்சம் சோப்பும் போட்டதில் போய்விட்டன. ஒரே குறை, தேய்த்த இடம் லேசாகப் பளபளக்கிறது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது மட்டும் தெரியும். பளபளப்பில்லாத மேட் பூச்சில் மேலே நிற்கும் பொடி தேய்ந்து வழுவழுப்பாவதால் வரும் வினை இது. அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுத்தால் இதுவும் வராது. இந்த விலைக்கு இதைவிட எதிர்பார்க்க நியாயமில்லை.

உச்ச ரகத்தைச் சமையலறைக்கும் ஹாலுக்கும் அடித்தேன். சமையலறையில் அது சம்பாதித்துக் கொடுத்துவிட்டது. மீன்குழம்பு தெறித்தது, எண்ணெய்ப் புகை படிந்தது, எல்லாம் துடைத்தால் போகிறது. மஞ்சள் கறை மட்டும் போகாது, எந்த அக்ரிலிக்கிலும் மஞ்சள் ஊறிவிடும். வெயில் படும் இடமாக இருந்தால் அதுவே தானாக வெளுத்துவிடும், நிழலில் நிற்கும்.

ஹாலில் எனக்குத் திருப்தியில்லை. பெயிண்டின் மேல் தப்பில்லை, இந்தச் சுவருக்கு அது பொருத்தமில்லை, அவ்வளவுதான். உச்ச ரகத்தில் பிசின் அதிகம், அதனால் ஒரு பட்டு மினுமினுப்பு வரும். விளம்பரத்தில் அதைத்தான் காட்டுவார்கள். எங்கள் ஹால் பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர், கொத்தனார் மட்டப்பலகை வைத்ததைவிடக் கையால் தடவியதே அதிகம். மேடுபள்ளத்தை நிரப்பும் பட்டி பார்த்தும் அலை அலையாகத்தான் இருக்கிறது. சாயங்காலம் மேற்கு ஜன்னல் வெளிச்சம் விழும்போது ஒவ்வொரு கரண்டித் தடமும் எழுந்து நிற்கிறது. டியூப்லைட் போட்டால் இன்னும் மோசம். ஆணி அடித்து எடுத்த இடத்தில் டச்சப் செய்தால் அந்தப் பொட்டு தனியாகத் தெரிகிறது. இதே ஹாலுக்கு நடு ரகம் அடித்திருந்தால் பாதி செலவில் பார்வைக்கு இன்னும் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடிபோல மட்டமான புதுச் சுவர் வைத்திருப்பவர்கள் உச்ச ரகத்தைத் தைரியமாக அடிக்கலாம்.

கடையில் பார்க்கிறேன், வாளியைத் தூக்கிப் பார்த்து, “நல்லா கனமா இருக்கு” என்று வாங்குகிறார்கள். கனத்துக்கும் தரத்துக்கும் சம்பந்தமில்லை, சொல்லப்போனால் நேர்மாறு. பிசின் தண்ணீரைவிடக் கொஞ்சமே கனம். சுண்ணாம்புக்கல் பொடி தண்ணீரைப்போல 2.7 மடங்கு. டைட்டானியம் நான்கு மடங்குக்கு மேல், ஆனால் அதை அள்ளிக் கொட்ட எந்தக் கம்பெனிக்கும் மனசு வராது. ஆகவே வாளி கனத்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் கல்பொடி. மலிவு எமல்ஷன் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவை ஒட்டி நிற்கும், உச்ச ரகம் அதைவிட இலேசு. கெட்டியாக இருக்கிறது என்பதும் அப்படித்தான். கெட்டித்தன்மைக்கு செல்லுலோஸ் பொடி ஒன்று போடுவார்கள், சிட்டிகை போட்டால் தண்ணீரும் கூழாகிவிடும். குச்சியை விட்டால் நிற்கிறது என்பதற்காக ஏமாறாதீர்கள்.

இன்னொன்று, நிறம் கலந்து வாங்கினால் வாளியில் எத்தனை லிட்டர் என்று பாருங்கள். கடையில் மிஷினில் நிறம் கலக்க, கம்பெனி பேஸ் என்று சாயம் சேர்க்காத பெயிண்ட் ஒன்று அனுப்பும். சாயம் ஊற்ற இடம் வேண்டும் என்பதால் அது முழு 20 லிட்டர் இருக்காது, 18 என்றோ அதை ஒட்டியோ இருக்கும். ஏமாற்று இல்லை, வெளியே அச்சடித்திருப்பார்கள். அடர் நிறத்துக்கான பேஸில் டைட்டானியம் மிகக் குறைவு, இருந்தால் சிவப்பு ரோஜா நிறமாகிவிடுமே. அதனால்தான் நல்ல மஞ்சளும் சிவப்பும் எந்த விலையில் வாங்கினாலும் மூன்று கோட் கேட்கும். பெயிண்டரைத் திட்டாதீர்கள்.

பெயிண்டர் பேச்சு வந்ததால் தண்ணீர்க் கதை. நான் வாங்கிய நடு ரகத்தில் 100 பங்கு பெயிண்டுக்கு 40 பங்கு தண்ணீர் என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த தம்பி வேலையில் சுத்தம், கோணல் இல்லாமல் விளிம்பு பிடிப்பார். ஆனால் கலக்கும்போது பக்கெட்டில் ஒரு மக் பெயிண்ட், ஒரு மக் தண்ணீர், கை தானாகப் போகிறது.

“தம்பி, டப்பால என்ன போட்டுருக்குன்னு பாத்தீங்களா?”

“யக்கா, அது கம்பெனிக்காரன் போடுவான். இம்புட்டு கெட்டியா அடிச்சா ரோலர் இழுக்காதுக்கா.”

ரோலர் இழுக்காது என்பது உண்மைதான், ஆனால் அதற்கு மருந்து இவ்வளவு தண்ணீர் இல்லை, சுவரில் பிரைமர். காய்ந்த சுவர் முதல் கோட்டின் தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால்தான் ரோலர் கடிக்கிறது. அவரிடம் அளவுக் கோப்பை ஒன்றைக் கொடுத்து, நான் சொன்ன அளவில் ஒரு சுவர், அவர் அளவில் ஒரு சுவர் என்று பின்கட்டு வராந்தாவில் அடிக்கச் சொன்னேன். அவர் அளவில் அடித்த சுவருக்கு மூன்றாவது கோட் தேவைப்பட்டது. கூலி சதுர அடிக்கு என்று பேசியிருந்ததால் அதற்கப்புறம் கோப்பையை அவரே கேட்டு வாங்கினார். தண்ணீர் கூடினால் படலம் மெலியும், பிசின் துகள்கள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும் முன்னே சிதறிப் போகும். எட்டாயிரம் ரூபாய் பெயிண்டை இரண்டாயிரம் ரூபாய் பெயிண்டாக மாற்ற ஒரு பிளாஸ்டிக் மக் போதும்.

பெயிண்டர் ஒரு குறிப்பிட்ட ரகத்தையே வாங்கச் சொல்லி அடம் பிடித்தால், வாளிக்குள் டோக்கன் இருக்கிறதா என்று கேளுங்கள். பல கம்பெனிகள் பெயிண்டர்களுக்கென்று டோக்கனோ, போனில் ஸ்கேன் செய்யும் கோடோ வைத்திருக்கும். அதில் வரும் காசு அவர்களுக்குச் சேரட்டும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எந்தச் சுவருக்கு எது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

வாசனை, உடல்நலம் பற்றிக் கேட்கிறார்கள். தண்ணீர் எமல்ஷனில் நாற்றம் குறைவு, இரண்டு நாள் ஜன்னலைத் திறந்து வைத்தால் போய்விடும். உச்ச ரகங்கள் குறைந்த வி.ஓ.சி., அதாவது ஆவியாகிக் காற்றில் கலக்கும் ரசாயனம் குறைவு, என்று போட்டுக்கொள்வது வீட்டில் கைக்குழந்தையோ இளைப்பு உள்ளவர்களோ இருந்தால் பயன்படும். உண்மையில் கவலைப்பட வேண்டியது ஜன்னல் கம்பி, கேட், மரக்கதவில் இருக்கும் பழைய எனாமல் என்கிற எண்ணெய்ப் பெயிண்ட். அந்தக் காலத்து மஞ்சள், சிவப்பு எனாமல்களில் ஈயம் நிறைய. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது என்று 2016இல் விதி போட்டு, 2017 நவம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. அதற்கு முன்னால் அடித்த கம்பிகளை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது தூசியைப் பிள்ளைகள் பக்கம் விடாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகளில் சுரண்டச் சுரண்ட மஞ்சள், நீலம், மறுபடி மஞ்சள் என்று வந்தது.

வெளிச்சுவர் தனி உலகம். உள்ளே அடிக்கும் எமல்ஷன் மிச்சம் இருக்கிறதே என்று வெளியே அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உள் ரகத்தில் பூஞ்சை, பாசிக்கான மருந்து அந்த அளவுக்கு இருக்காது, பிசினும் வெயிலுக்குத் தோதானதில்லை. வெளி ரகத்தில் மட்டும் நான் ஏணியில் மேல்படிக்குப் போனேன், அதற்காக வருத்தமில்லை. கடல் பார்த்த மேற்குச் சுவர் இதுவரை மாவாகவில்லை, கையால் தடவினால் சுத்தமாக இருக்கிறது. ஆனால் வெயிலே படாத வடக்குச் சுவரில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே பச்சைப் பாசி எட்டிப் பார்க்கிறது. பாசி மருந்து மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகக் கூடியது, கரைந்தால்தான் வேலையும் செய்யும். தொட்டி வழிவதை நிறுத்தாமல் எந்தப் பெயிண்டைக் குறை சொல்லியும் பயனில்லை.

ஏழு வருடம், பத்து வருடம் என்று வாரண்டி போடுகிறார்களே என்றால், அந்தச் சின்ன எழுத்தை ஒரு தரம் படியுங்கள். பெரும்பாலும் உரிந்து வருவதற்கும் பாசிக்கும்தான் பொறுப்பு, அதுவும் அவர்கள் சொன்ன பிரைமர், சொன்ன கோட், சொன்ன தண்ணீர் அளவு எல்லாம் இருந்தால். நிறம் வெளுப்பதும் சுவரில் ஓதம் ஏறுவதும் கணக்கில் வராது. கூலியும் வராது. அதை ஒரு ஒப்பீட்டு அளவாக எடுத்துக்கொள்ளலாம், பத்து வருட ரகத்தில் ஐந்து வருட ரகத்தைவிடப் பிசின் கூட இருக்கும், அவ்வளவே.

இனி நான் பணத்தைக் கொட்டிய இடம். இந்த வீட்டில் அம்மா காலத்தில் வருடா வருடம் பொங்கலுக்கு முன்னால் சிப்பிச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். அடுக்கடுக்காகச் சுண்ணாம்பு. அதன் மேல் எவ்வளவு விலையுயர்ந்த எமல்ஷன் அடித்தாலும், எமல்ஷன் சுண்ணாம்புத் தூளில் ஒட்டுமே தவிரச் சுவரில் ஒட்டாது, ஒரு மழைக்கு அப்பளமாக எழும்பிவிடும். அதனால் சுரண்டத்தான் ஆள் கூலி அதிகம் போனது. பட்டி தேவைப்பட்ட இடத்தில் மட்டும், பிறகு தண்ணீர் பிரைமர் ஒரு கோட், அதற்குப் பிறகே எமல்ஷன். புதிதாகப் பூசிய சிமெண்ட் பகுதியை நான்கு வாரம் அப்படியே விட்டேன். பச்சைச் சிமெண்டில் காரம் கடுமையாக இருக்கும், அது பிசினையும் சில சாயங்களையும் அரித்துவிடும், உப்பும் பூக்கும். கிரகப்பிரவேசத் தேதி குறித்துவிட்டு, காயாத சுவரில் அடித்துவிட்டு, ஆறு மாதத்தில் பெயிண்ட் கம்பெனியைத் திட்டுபவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

கிணற்றடியை ஒட்டிய சின்ன அறைக்கு மட்டும் எமல்ஷனே அடிக்கவில்லை. தரையிலிருந்து ஓதம் ஏறும் சுவர். எமல்ஷன் அடித்தால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் கொப்புளம் கட்டும். அங்கே பழையபடி சுண்ணாம்பைக் கரைத்து, கொஞ்சம் நீலம் போட்டு, வடிகட்டி அடிக்கச் சொன்னேன். அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது, சுவரும் மூச்சு விடுகிறது. கையில் கொஞ்சம் ஒட்டும்தான். வீட்டிலேயே மிகக் குறைந்த செலவில் முடிந்த அறை அதுதான், எனக்குப் பிடித்த வெள்ளையும் அதுதான். நாகர்கோவில் கடைக்கார அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கு தனிக் கதை.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயம். டப்பாவில் லிட்டருக்கு ஒரு கோட் 140, 150 சதுர அடி என்ற மாதிரிப் போட்டிருப்பது மட்டமான, உறிஞ்சாத சுவருக்கான கணக்கு. பழைய சுவர் என்றால் அதில் கால் பங்கு குறைத்தே கணக்குப் போடுங்கள். விலையை லிட்டருக்கு ஒப்பிடாமல், சதுர அடிக்கு இரண்டு கோட் முடிக்க எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். மலிவு ரகத்துக்கு மூன்றாவது கோட் வந்தால் கூலியோடு சேர்த்து நடு ரகத்தின் விலையைத் தொட்டுவிடும். தயாரித்த மாதத்தைப் பாருங்கள், அதிகம் தேங்கிய வாளியில் அடியில் கட்டி இருக்கும். ஒரே அறைக்கு இரண்டு வாளி வேண்டியிருந்தால் ஒரே பேட்ச் எண் கேளுங்கள், கிடைக்காவிட்டால் இரண்டையும் பெரிய டிரம்மில் ஒன்றாகக் கலந்துகொண்டு ஆரம்பியுங்கள். மிஷினில் கலந்தபோது மூடியில் ஒட்டும் நிறக் குறியீட்டுச் சீட்டைக் கிழித்து எறிந்துவிடாமல் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ரகத்தின் பெயரும் பேஸ் எண்ணும் தெரிகிற மாதிரி. அடுத்த முறை அண்ணாச்சி கேட்டதும் காட்ட வேண்டியது அதைத்தான்.